2018–19 ஐ-லீக்: கோயம்புத்தூருக்குக் கோப்பை வந்த சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியக் கால்பந்து பற்றி எழுதினாலே இந்த ஒரு சீசனைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேள்வி வருகிறது. சென்னை சிட்டி என்ற தமிழ்நாட்டு அணி தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கை வென்றது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் அது ‘சென்னையின் எஃப்சி’ என்ற வேறு அணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஐ-லீக், ஐஎஸ்எல் இரண்டும் வேறு வேறா?

ஆமாம், வேறு. ஐ-லீக் 2007–08இல் தொடங்கியது, அதற்கு முன் 1996 முதல் நடந்த தேசியக் கால்பந்து லீக்கின் இடத்தில் வந்தது. ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், 2014இல் வந்தது. நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், பெரிய நிறுவனங்கள் என்று உரிமையாளர்களோடு, பணத்தோடு, விளம்பரத்தோடு வந்தது. சில வருடங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அதிகாரபூர்வமான தேசிய லீக் என்ற பெயர் ஐ-லீக்கிடம் இருந்தது, டிவியும் கூட்டமும் ஐஎஸ்எல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. 2018–19 சீசனை இந்தப் பின்னணி தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் ஆடிய பதினோரு அணிகளுக்கும் இது நம் லீக்கின் கடைசி நல்ல வருடமாக இருக்கலாம் என்ற பயம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தப் பயம் பலித்தும் விட்டது, அதைக் கீழே சொல்கிறேன்.

எப்போது நடந்தது? எத்தனை அணிகள்?

2018 அக்டோபர் 26 முதல் 2019 மார்ச் 9 வரை. 11 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 20 ஆட்டங்கள். பிளே-ஆஃப், அரையிறுதி எதுவும் கிடையாது, புள்ளிப்பட்டியலில் முதலிடம் வந்தவர் சாம்பியன். ஐஎஸ்எல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் லீக் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நவம்பரில் ஏதோ ஒரு மத்தியான ஆட்டத்தில் விட்ட இரண்டு புள்ளி மார்ச்சில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அணிகள்: சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ரியல் காஷ்மீர், சர்ச்சில் பிரதர்ஸ், நெரோகா, ஐசால், கோகுலம் கேரளா, மினர்வா பஞ்சாப், ஷில்லாங் லாஜாங், இந்தியன் ஏரோஸ்.

சாம்பியன் யார்?

சென்னை சிட்டி எஃப்சி. 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, மொத்தம் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு இரண்டாவது, ரியல் காஷ்மீர் 37 புள்ளிகளோடு மூன்றாவது, சர்ச்சில் பிரதர்ஸ் நான்காவது, மோகன் பகான் ஐந்தாவது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், அதுவும் கடைசி நாளின் கடைசி நிமிடங்களில்தான் உறுதியானது.

சென்னை சிட்டியும் சென்னையின் எஃப்சியும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் அணி, 2015, 2017–18 என்று இரண்டு முறை அந்தக் கோப்பையை வென்றது, அபிஷேக் பச்சன், தோனி எல்லாம் உரிமையாளர்கள். சென்னை சிட்டி வேறு கிளப். நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று 1946இல் சென்னையில் தொடங்கிய பழைய கிளப் அது, பெயர் மாறிச் சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2016–17இல் ஐ-லீக்கில் நேரடியாக நுழையும் வாய்ப்புக் கிடைத்து உள்ளே வந்தது. ரோஹித் ரமேஷ் என்பவர் உரிமையாளர்.

இரண்டு அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வருடம் நடந்தது இன்னும் ஆச்சரியமாக இருக்கும். நடப்புச் சாம்பியனாக இறங்கிய சென்னையின் எஃப்சி அந்த ஐஎஸ்எல் சீசனில் பத்து அணிகளில் பத்தாவது இடம். அதே மாதங்களில், அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய பட்ஜெட்டில், சென்னை சிட்டி நாட்டின் சாம்பியன் ஆனது. ஆனாலும் அன்றைக்குத் தமிழ்நாட்டில் பேசப்பட்டது எந்த அணி என்று யோசித்துப் பாருங்கள்.

பெயரில் சென்னை, ஆடியது கோவையில். ஏன்?

முதல் சீசனைச் சென்னை நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடினார்கள். அங்கே ஏற்கெனவே ஐஎஸ்எல் அணி குடியிருந்தது. அடுத்த வருடமே கோயம்புத்தூருக்கு மாறிவிட்டார்கள், வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இருக்கும் நேரு ஸ்டேடியம்தான் சொந்த மைதானம். சுற்றி ஓட்டப்பாதை உள்ள பழைய பாணி மைதானம், ஆட்டக்காரர்கள் கொஞ்சம் தூரத்தில்தான் தெரிவார்கள். இருந்தாலும் கோவை மக்கள் அந்த அணியைத் தங்கள் அணியாகவே எடுத்துக்கொண்டார்கள். பெயரில் இருந்த சென்னை யாரையும் தடுக்கவில்லை.

முந்தைய சீசன்களில் எப்படி ஆடினார்கள்?

சுமாராகத்தான். இரண்டு முறையும் எட்டாவது இடம். 2017–18இல் மைக்கேல் சூசைராஜ் மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டார், கன்னியாகுமரிக் கடற்கரை கிராமத்திலிருந்து வந்த இடதுகால் ஆட்டக்காரர். சீசன் முடிந்ததும் ஐஎஸ்எல் அணியான ஜாம்ஷெட்பூர் அவரைக் கூட்டிப்போய்விட்டது. இருந்த ஒரே நட்சத்திரமும் போன பிறகு இந்த அணி சாம்பியன் ஆகும் என்று 2018 அக்டோபரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஒரே வருடத்தில் என்ன மாறியது?

மூன்று விஷயம். பயிற்சியாளர், வெளிநாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்த விதம், உள்ளூர்ப் பையன்கள்மேல் வைத்த நம்பிக்கை. இந்த மூன்றில் மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் அதைத் தனியாகக் கீழே எழுதுகிறேன்.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். அதற்கு முன் சிங்கப்பூரில் தம்பினிஸ் ரோவர்ஸ் அணிக்கும் பிலிப்பைன்ஸில் ஒரு கிளப்புக்கும் பயிற்சி கொடுத்தவர். அந்தக் காலத்து ஐ-லீக்கின் வழக்கம் என்னவென்றால், உயரமான ஒரு ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கரை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து நீளமாகத் தூக்கிப்போட்டு, தட்டிச் சிதறி விழும் பந்துக்குச் சண்டை போடுவது. அக்பர் அதைச் செய்யவில்லை. கோல்கீப்பரிலிருந்தே தரையோடு பாஸ், பந்து நம்மிடம், இழந்தால் உடனே முன்னால் போய் பிடுங்கு. இதை மேடு பள்ளமான மைதானங்களிலும், குளிரிலும், செயற்கைப் புல்லிலும் விடாமல் ஆடினார்கள். சில ஆட்டங்களில் அதனாலேயே கோல் வாங்கினார்கள், அப்போதும் மாற்றவில்லை. லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி இவர்கள்தான்.

வெளிநாட்டு வீரர்கள் விஷயத்தில், ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா, பெட்ரோ மான்சி. பெரிய பெயர் ஒன்றும் கிடையாது, பெரிய சம்பளமும் தேவைப்படாது, ஆனால் சின்ன வயதிலிருந்தே ஒரே மாதிரியான ஆட்டத்தைக் கற்றவர்கள். ஒருவர் பந்தை வாங்கும்போதே அடுத்தவர் எங்கே ஓடுவார் என்று தெரியும். ஓய்வுபெறப் போகிற உலகக் கோப்பை நட்சத்திரத்துக்குக் கோடிகளைக் கொட்டுவதற்குப் பதில் இப்படிச் செய்யலாம் என்று அதற்குள் சில ஐஎஸ்எல் அணிகளுக்குப் புரிந்திருந்தது, ஐ-லீக்கில் அதை முழுதாகச் செய்து காட்டியது சென்னை சிட்டி.

பெட்ரோ மான்சி உண்மையிலேயே அவ்வளவு நல்ல ஆட்டக்காரரா?

21 கோல். இருபது ஆட்டம் கொண்ட லீக்கில் 21 கோல்! சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21, இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே இருந்தார்கள். பிளாசா டிரினிடாட் நாட்டுக்காரர், வேகமும் உடல் பலமும் சேர்ந்தவர், கொல்கத்தா ரசிகர்களுக்கு முன்பே அறிமுகமானவர்.

மான்சி வேறு மாதிரி. உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடி வளர்ந்தவர், இந்தியா வரும்போது வயது முப்பது. பார்க்க ஒன்றும் மின்னல் வேகமாகத் தெரியாது. ஆனால் பெனால்டி பெட்டிக்குள் பந்து விழும் இடத்தில் அவர் நிற்பார். முதல் ஆட்டத்திலேயே, கோவையில் இந்தியன் ஏரோஸை 4–1 என்று ஜெயித்தபோது, ஹாட்ரிக். அன்றைக்கு எதிரணி இளைஞர்கள் என்பதால் சிலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வாரம் தவறாமல் அடித்தார். நெஸ்டரும் சாண்ட்ரோவும் பின்னாலிருந்து பந்தைச் சரியான நேரத்தில் கொடுக்காவிட்டால் இதில் பாதிகூட நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு வீரர்கள் எத்தனை பேர் ஆடினார்கள்? வெளிநாட்டவர்கள்தானே ஜெயித்துக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், பிரவிட்டோ ராஜூ, ரெஜின் மைக்கேல், சார்லஸ் ஆனந்தராஜ் என்று அணி முழுக்க நம் பையன்கள் இருந்தார்கள். ஓரமாக பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவர்கள் கிடையாது, வாரா வாரம் ஆடியவர்கள்.

எட்வினைப் பாருங்கள். நடுக்களத்தில் ஓயாமல் ஓடுவார், பந்தைப் பிடுங்குவார், தேவைப்பட்டால் தடுப்பு வரிசைக்கும் இறங்குவார். அந்த ஸ்பானியர்கள் முன்னால் சுதந்திரமாக ஆட முடிந்ததற்குக் காரணம் அவரைப் போன்றவர்கள் பின்னால் செய்த வேலை. ரொமாரியோ ஓரத்தில் பந்தை வாங்கி நேராக ஆள்மேல் ஓடுவார், பயமே கிடையாது. சென்னை லீக்கிலும் கல்லூரி மைதானங்களிலும் ஆடிக்கொண்டிருந்த இப்படிப்பட்டவர்களுக்குத் தேசிய லீக்கில் இருபது ஆட்டம் ஆட இடம் கிடைத்தது என்பதே பெரிய விஷயம். தென்கோடியில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை கிராமங்களில் கால்பந்து எவ்வளவு தீவிரமாக ஆடப்படுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், திறமைக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கிளப் இல்லாமல் இருந்தது.

கடைசி நாளில் என்ன நடந்தது? முழுசாகச் சொல்லுங்கள்.

சொல்கிறேன், ஆனால் ஒரு வாரம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். சென்னை சிட்டி கோவாவில் சர்ச்சிலோடு ஆடியது. ஜெயித்திருந்தால் அங்கேயே கோப்பை உறுதி. 3–2 என்று தோற்றுப்போனார்கள். ஈஸ்ட் பெங்கால் பின்னாலிருந்து ஓடிவந்து ஒரு புள்ளி தூரத்தில் நின்றது. ஆக மார்ச் 9 காலையில் நிலவரம் இது: சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டிக்குக் கோவையில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம், முந்தைய வருடத்துச் சாம்பியன் அது. ஈஸ்ட் பெங்காலுக்கு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் கோழிக்கோட்டில், கோகுலம் கேரளாவோடு ஆட்டம். இரண்டும் ஒரே நேரத்தில்.

சென்னை சிட்டி ஜெயித்தால் மற்றதைப் பற்றிக் கவலையே இல்லை. டிரா என்றால் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கக் கூடாது.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல் அடித்துவிட்டது. ரோலண்ட் பிலாலா. மைதானம் அப்படியே அடங்கிப்போனது. அதுவரை சீசன் முழுக்க அவ்வளவு அழகாக பாஸ் ஆடிய அணிக்கு அன்று கால் நடுங்கியது, முதல் பாதி முழுக்கப் பந்து காலில் ஒட்டவே இல்லை. கோழிக்கோட்டில் அந்த நேரம் 0–0. அப்படியே முடிந்திருந்தால் இரண்டு அணிக்கும் 40 புள்ளி. சம புள்ளி என்றால் அவர்கள் இருவரும் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஈஸ்ட் பெங்காலைச் சென்னை சிட்டி கொல்கத்தாவிலும் கோவையிலும் இரண்டு முறையும் 2–1 என்று ஜெயித்திருந்தது. அதனால் தோற்றுக்கொண்டிருந்தபோதும் கணக்குப்படி சென்னை சிட்டிதான் மேலே. ஆனால் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் அடித்தால் எல்லாம் தலைகீழ்.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, மான்சி அடித்தார், 1–1. அப்புறம் 69ஆவது நிமிடம், கௌரவ் போரா. இவர் அஸ்ஸாம்காரர், சென்டர்-பேக், கோல் அடிப்பது இவர் வேலையே இல்லை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு ஒரு கோல் போட்டுக்கொடுத்தார். கோவையில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது, ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. ஹைமே சாண்டோஸ் பெனால்டியில் சமன் செய்தார், ரால்டே இன்னொன்று போட்டார், 2–1. இப்போது கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் அடித்துச் சமன் செய்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு! அந்தக் கடைசி நிமிடங்களைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும் அடித்தார். 3–1. முடிந்தது.

சீசன் முழுக்கக் கோல் அடித்தது ஸ்ட்ரைக்கர்கள், கோப்பையைக் கொண்டுவந்த இரண்டு கோல் ஒரு டிஃபெண்டருடையது.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இன்னும் அந்த நாளை நினைத்து வருந்துவது ஏன்?

அவர்கள் கடைசியாகத் தேசிய லீக்கை வென்றது 2003–04இல். 1920இல் தொடங்கிய கிளப், லட்சக்கணக்கில் ரசிகர்கள், பதினைந்து வருடக் காத்திருப்பு. முன்பு ரியல் மாட்ரிட் இரண்டாம் அணிக்குப் பயிற்சி கொடுத்த அலெஹாந்த்ரோ மெனண்டஸை அந்த சீசனில் பயிற்சியாளராகக் கூட்டிவந்தார்கள், கோஸ்டா ரிகாவுக்காக உலகக் கோப்பை ஆடிய ஜானி அகோஸ்டா தடுப்பில், மெக்சிகோவின் என்ரிகே எஸ்கேடா முன்னால். கேரளத்து ஜாபி ஜஸ்டின் 9 கோல் அடித்து இந்திய வீரர்களில் முன்னிலையில் இருந்தார். அதே ஊர்ப் பரம எதிரியான மோகன் பகானோடு நடந்த இரண்டு டெர்பியையும் ஜெயித்தார்கள், 3–2, 2–0. டெர்பி இரண்டையும் ஜெயித்து, 42 புள்ளி எடுத்து, கடைசி நாளில் பின்தங்கியும் வென்று, அப்படியும் இரண்டாவது இடம். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் சென்னை சிட்டியிடம் தோற்ற அந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றை டிரா செய்திருந்தாலே கோப்பை அவர்களுடையது.

ரியல் காஷ்மீர் பற்றி ஏன் எல்லோரும் பேசினார்கள்?

காஷ்மீரிலிருந்து தேசிய லீக்கின் மேல்பிரிவுக்கு வந்த முதல் கிளப் அது. 2014 வெள்ளத்துக்குப் பிறகு, வேலையும் பள்ளியும் இல்லாமல் இருந்த பையன்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஷமீம் மெஹ்ராஜ், சந்தீப் சட்டு என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கிய முயற்சி, 2016இல் கிளப் ஆனது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து என்பதை எல்லாப் பத்திரிகையும் எழுதின. இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தார்கள். பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ், அபர்டீன் அணிகளுக்கு ஆடியவர். மகன் மேசனும் அணியில் ஆடினார்.

முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் மினர்வாவோடு, அவர்கள் மைதானத்தில். 1–0 வெற்றி. ஸ்ரீநகரின் டிஆர்சி மைதானத்தில், பனிமலை பின்னணியில், போர்வை சுற்றிக்கொண்டு வந்து பார்த்த கூட்டம் அவர்களுக்குப் பெரிய பலம். பிப்ரவரி வரை கோப்பைப் போட்டியிலேயே இருந்தார்கள்.

புல்வாமா தாக்குதலால் லீக் பாதிக்கப்பட்டதா?

ஆமாம். பிப்ரவரி 14 தாக்குதல். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் ஆட வேண்டிய மினர்வா, பாதுகாப்பு இல்லை என்று சொல்லிப் போகவில்லை. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. பனியால் ஏற்கெனவே தள்ளிப்போயிருந்த ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை டெல்லிக்கு மாற்றினார்கள், அதில் ரியல் காஷ்மீர் 2–1 என்று தோற்றது. சொந்த மைதானத்தில், அந்தக் குளிரில், அந்தக் கூட்டத்தின் முன் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காஷ்மீர் ரசிகர்கள் கேட்பதில் தவறில்லை. மினர்வா வீரர்களின் பயத்தையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற அணிகள்?

மினர்வா பஞ்சாப் சாம்பியனாக வந்து கீழ்வரிசையில் போராடியது. இந்தியன் ஏரோஸ் கால்பந்துச் சம்மேளனமே நடத்திய இளைஞர் அணி, வெளிநாட்டு வீரர் கிடையாது, கடைசியில் வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கம் கிடையாது. ஷில்லாங் லாஜாங்கும் அந்த வருடம் முழுக்க இந்திய இளைஞர்களை மட்டுமே வைத்து ஆடியது, ஆனால் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கடைசி இடம் பிடித்துக் கீழ்ப்பிரிவுக்குப் போனார்கள். மேகாலயாவின் சிறுவர்களை இருபது ஆட்டம் ஆடவைத்த கிளப்புக்குக் கிடைத்த பலன் அது. மோகன் பகானில் பாதியில் பயிற்சியாளர் மாறினார், காலித் ஜமீல் வந்தார், பெரிதாக எதுவும் மாறவில்லை.

தொடர்ந்து மூன்று வருடம் சின்ன அணிகளே ஜெயித்தன என்கிறார்களே?

உண்மை. 2016–17இல் மிசோரமின் ஐசால், 2017–18இல் மினர்வா பஞ்சாப், அடுத்து சென்னை சிட்டி. மூன்றும் கடைசி நாளில்தான் முடிவானது. உலகத்தில் எத்தனை லீக்கில் இப்படி நடக்கும்? இந்த லீக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லி ஓரங்கட்டினார்கள்.

யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதானே?

பார்க்க வழி கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, எல்லா ஆட்டங்களையும் இனி டிவியில் காட்ட மாட்டோம், சிலவற்றை மட்டும்தான் காட்டுவோம் என்று அறிவிப்பு வந்தது. கோப்பைக்குப் போட்டிபோடும் அணிகளின் ஆட்டங்கள் நடக்கின்றன, ரசிகர்கள் ஸ்கோரைத் தேடிப் போனில் திண்டாடுகிறார்கள். ஸ்பான்சரிடம் போய் உங்கள் பெயர் டிவியில் வரும் என்று சொல்லித்தான் ஒரு சின்ன கிளப் பணம் திரட்டுகிறது. அந்த வாக்கையே பாதியில் பறித்துவிட்டால் அது எப்படிப் பிழைக்கும்? சாம்பியனுக்குப் பரிசுத்தொகை ஒரு கோடி ரூபாய். ஒரு சீசனுக்கு ஆகும் செலவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

சூப்பர் கப்பைப் புறக்கணித்தது யார்? சென்னை சிட்டி ஆடியதா?

லீக் முடிந்ததும் புவனேஸ்வரில் ஐஎஸ்எல், ஐ-லீக் அணிகள் சேர்ந்து ஆடும் சூப்பர் கப். லீக்கின் எதிர்காலம் பற்றிப் பேசக் கால்பந்துச் சம்மேளனம் நேரம் தராததால் ஐ-லீக் கிளப்கள் பல சேர்ந்து விலகுவதாக அறிவித்தன. சென்னை சிட்டியும் முதலில் அந்தக் கூட்டத்தில் இருந்தது, பிறகு போய் ஆடியது. ஒற்றுமையை உடைத்தார்கள் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஆடியதால் ஒரு விஷயம் தெரிந்தது. காலிறுதியில், சில வாரங்களுக்கு முன் ஐஎஸ்எல் கோப்பையை வென்றிருந்த பெங்களூரு எஃப்சியை 2–1 என்று வீழ்த்தினார்கள். சுனில் சேத்ரியின் அணி அது. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 3–0 தோல்வி. இன்னொரு அரையிறுதியில் சென்னையின் எஃப்சி இருந்தது, அதாவது கடைசி நான்கில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் இதில் எப்படி வந்தது?

2019 தொடக்கத்தில் எஃப்சி பாசல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் ஆடிய ஐரோப்பிய கிளப் ஒன்று கோவைக்கு வருகிறது என்றபோது, அகாடமி, மைதானம், பயிற்சியாளர்கள் என்று நிறைய எதிர்பார்ப்பு. எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

சாம்பியன் ஆன பிறகு ஆசியப் போட்டியில் ஆடினார்களா?

ஆடினார்கள். 2020 ஜனவரியில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏஎஃப்சி) நடத்தும் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று, பஹ்ரைனின் அல்-ரிஃபாவோடு, 0–1 தோல்வி. ‘சொந்த மைதான’ ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில். வாழ்க்கையில் ஒருமுறை வரும் ஆட்டம், கோவை ரசிகர்களால் பார்க்கவே முடியவில்லை. பிறகு ஏஎஃப்சி கோப்பை குழுச் சுற்றில் இருந்தார்கள், கொரோனா வந்து போட்டியே ரத்தானது.

இந்த சீசன்தான் ஐ-லீக்கின் கடைசி ‘பெரிய’ சீசன் என்று ஏன் சொல்கிறார்கள்?

2019இல் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவானது, அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பும் அந்தத் திட்டத்தை ஏற்றது. 2019–20 முதல் ஐ-லீக் அடுத்த படிக்கு இறங்கியது. அதனால் ஐ-லீக்கை மேல்பிரிவாக வென்ற கடைசி அணி சென்னை சிட்டி. சாம்பியன் ஆனால் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்ற வழி 2022–23இல்தான் திறந்தது, அதை முதலில் பயன்படுத்தியது பஞ்சாப் எஃப்சி, அதாவது பழைய மினர்வாவின் வாரிசு. அந்தக் கதவு நான்கு வருடம் முன்னால் திறந்திருந்தால் கோவை இன்றைக்கு ஐஎஸ்எல் ஊராக இருந்திருக்கும்.

இப்போது சென்னை சிட்டி எங்கே?

தேசிய லீக்கில் இல்லை. அடுத்த சீசனில் நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார், எட்வின் சென்னையின் எஃப்சிக்கு, மான்சி சீசன் பாதியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்கு. ரொமாரியோ எஃப்சி கோவாவிலும் அஜித்குமார் பெங்களூருவிலும் ஆடினார்கள். அணி கீழே சரிந்தது. 2020–21இல் இறக்கத்துக்கான பிரிவில் போராடினார்கள், 2021–22 சீசனில் கிளப் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றாததால் இடமே இல்லை. கோப்பை வாங்கி மூன்றே வருடத்தில்.

இதற்கு முன் தமிழ்நாட்டு அணி எதுவும் தேசிய லீக்கில் ஆடவில்லையா?

இந்தியன் வங்கி அணி ஆடியது. தேசியக் கால்பந்து லீக்கின் முதல் வருடங்களில் சென்னையின் அந்த அணி மேல்பிரிவில் இருந்தது, 2000களின் தொடக்கத்தில் கீழே போனது. அதன் பிறகு சென்னை சிட்டி வரும்வரை வெற்றிடம்தான். வங்கி, ரயில்வே, துறைமுகம், காவல்துறை அணிகளில் வேலை கிடைத்தால் போதும் என்று ஒரு தலைமுறையே ஆடி முடித்துவிட்டது.

மறுபடியும் இப்படி ஒரு அணி தமிழ்நாட்டிலிருந்து வருமா?

வர முடியும். ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், கன்னியாகுமரியிலும் வியாசர்பாடியிலும் இப்போதும் பையன்கள் வெறுங்காலில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்க்க ஆள் வருவார்கள் என்று கோவை ஏற்கெனவே காட்டிவிட்டது. குறைவது, நான்கு வருடம் நஷ்டத்தைத் தாங்கக்கூடிய ஒரு உரிமையாளரும், அணிக்கு நிரந்தரமாகக் கிடைக்கும் ஒரு மைதானமும், உரிம நிபந்தனைக் காகிதங்களை வருடா வருடம் ஒழுங்காக முடித்துக்கொடுக்கும் ஒரு அலுவலகமும். அரசு நினைத்தால் மைதானத்தையாவது நாளைக்கே கொடுக்கலாம். நேரு ஸ்டேடியம் அங்கேயேதான் இருக்கிறது.